வாசலைப் பார்த்த தொப்பி

இப்படிக் கிட்ட வந்து உக்காரு. என் குரல் இப்பல்லாம் நாலு முழத்துக்கு மேல போறதில்லை. மாவு மில்லில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி முப்பது வருசத்தில் தேய்ந்துபோன தொண்டை இது. பாயை இழுத்துப் போட்டுக்கோ. சொல்லப்போவது கோரைப்பேட்டையில் தொப்பிகள் திரும்பின கதை, அதை ஓடிக்கொண்டே கேட்க முடியாது.

கோரைப்பேட்டையில் வீட்டுக்கு ஒரு மிலிட்டரி. வெள்ளைக்காரன் காலத்தில் பாஸ்ராவுக்குப் போனவன், பர்மாவுக்குப் போனவன், சுதந்திரத்துக்குப் பிறகு பனிமலைக்குப் போனவன் என்று ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் ஒரு ஆள் விறைப்பாக நின்றுகொண்டிருப்பான். கல்யாணப் பந்தியில்கூட ரேங்க் பார்த்துத்தான் இலை போடுவார்கள். முதல் பந்தி சுபேதார், அடுத்தது ஹவில்தார், பிறகு நாயக், பிறகு சிப்பாய், எல்லாரும் கை கழுவின பிறகு, "சிவில் எல்லாம் வரலாம்பா" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்கு எழுந்து போகிறவர்கள் மொத்தம் ஆறு பேர். பூசாரி, நாவிதர், தபால்காரர், வாத்தியார், மில்லில் பெல்ட் மாட்டுகிற நான், அப்புறம் பாத்திரக்காரத் துலுக்காணம்.

துலுக்காணம் நாலு தடவை ஆளெடுப்புக்குப் போனவன். நாலு தடவையும் நாடாவை நெஞ்சில் சுற்றிப் பார்த்து, அரை அங்குலம் குறைச்சல் என்று திருப்பி அனுப்பினார்கள். மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு தடவை மயங்கியே விழுந்தான். அதற்குப் பிறகுதான் சைக்கிளில் பெரிய கூடையைக் கட்டி, எவர்சில்வர் சொம்பும் தட்டும் டிபன் பாக்ஸும் அடுக்கி, பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற தொழிலுக்கு வந்தான்.

ராணுவத்து ஊரில் பழைய துணி என்றால் என்ன வரும்? உடுப்புதான் வரும். புருசன் போய் வருசம் திரும்பினதும், பெட்டியில் அந்துருண்டை வாசத்தோடு கிடக்கிற காக்கியையும் பச்சையையும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் ஒரு பாத்திரம் வாங்கிக்கொள்வார்கள். சட்டையும் பேண்ட்டும் லாரி துடைக்க, மெஷின் துடைக்க என்று டவுனுக்குப் போய்விடும். கூடவே வருகிற தொப்பியை மட்டும் ஒருத்தரும் எடுக்கமாட்டார்கள், அதை வைத்து எதையும் துடைக்க முடியாது இல்லையா. துலுக்காணம் அதைத் தூக்கிப் போடவில்லை. வீட்டில் மூன்று சுவருக்கும் பலகை அடித்து வரிசையாக வைத்தான். நெட்டியில் செய்து துணி ஒட்டின வெள்ளைக்காரன் காலத்துத் தொப்பி, ஒரு பக்கம் மடித்துக் குத்தின அகலத் தொப்பி, கப்பல் மாதிரி மடிக்கிற தொப்பி, கஞ்சி போட்டுச் சுற்றின தலைப்பாகை, துரு ஏறின இரும்புத் தொப்பி, முன்னால் வில்லை குத்தி ஒரு பக்கம் சாய்த்துப் போடுகிற, பின்பக்கம் இரண்டு நாடா தொங்குகிற பேரட்டுத் தொப்பி என்று ஐம்பத்தேழு. தினம் ஒரு பலகைக்குத் தூசி தட்டுவான், வில்லைகளைப் புளி போட்டுத் துலக்குவான், ஆனால் ஒன்றைக்கூடத் தலையில் வைத்துப் பார்த்ததில்லை. கேட்டால், இன்னொருத்தன் நெனப்பு ஓடின எடத்துல என் தலையை எப்படி நுழைக்கிறது என்பான்.

ஒரு ஆடி மாசத்துச் செவ்வாய்க்கிழமை காலையில் பல் விளக்கிவிட்டு உள்ளே வந்து பார்த்தால், தொப்பிகள் எல்லாம் திரும்பியிருந்தன. ஒன்று சுவரைப் பார்த்தது, ஒன்று அடுப்படியைப் பார்த்தது, ஒன்று ஓரமாய்க் கோணிக்கொண்டு நின்றது. எலிதான் உருட்டிவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் நேராக வைத்தான். டீ குடித்துவிட்டு வந்தான், மறுபடியும் அதே அதே பக்கம் திரும்பியிருந்தன. சரி, உங்களுக்கு எப்படி வசதியோ அப்படி இருங்க என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஊருக்குத் தெரிந்த பிறகு அப்படி விடுவார்களா? சுபேதார் பச்சையப்பன் திசைமானியைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குப் பெரியவர்கள் எல்லாரும் ஷூ போட்டுக்கொண்டு துலுக்காணம் வீட்டில் கூடி, ஒவ்வொரு தொப்பிக்கும் பெயர் கூப்பிட்டு, அது பார்க்கிற திசையை அளந்து நோட்டில் எழுதினார்கள். எழுதினதை மிலிட்டரிக்காரர்கள் சங்கக் கட்டிடத்துக்குக் கொண்டுபோய், அங்கே மாட்டியிருந்த உலகப் படத்தில் பென்சிலால் கோடு இழுத்தார்கள். மேற்கே பார்த்த தொப்பிக்கு பாஸ்ரா, கிழக்கே பார்த்த தொப்பிக்கு பர்மா, வடக்கே பார்த்ததுக்குப் பனிமலை. தெற்கே பார்த்த ஒரு தொப்பிக்கு மட்டும் சண்டையே கிடைக்கவில்லை. மூன்று நாள் தேடி, சிங்கப்பூர் கொஞ்சம் தெற்குதானே என்று பென்சிலை வளைத்துவிட்டார்கள். செத்தும் களத்தைவிட்டுக் கண் எடுக்காதவன் எங்க ஊர்க்காரன் என்று கல்வெட்டு வைக்கிற அளவுக்குப் போனது பேச்சு.

இந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, உள்ளே நுழையாமல் நிலைவாசலில் உட்கார்ந்துகொள்கிறவள் நவநீதம். எங்கள் மில்லில் மாவு சலித்து நிறுத்துக் கொடுக்கிறவள். கோதண்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு அஞ்சு மாசம்தான் குடித்தனம். அதற்குள் எழுபத்தொண்ணு சண்டை வந்து தந்தி வந்துவிட்டது. போகிற அன்றைக்கு இரண்டு பேருக்கும் ஏதோ வாய்ச்சண்டை. போனா போ என்று இவள் சொல்லியிருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் அவர் இவள் பக்கம் திரும்பவே இல்லை, பஸ் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார், ஏறினார், போனார். பனியில் காணாமல் போனதாகக் கடுதாசி வந்தது, உடம்பு வரவில்லை, கறுப்பு டிரங்குப் பெட்டிதான் வந்தது. பத்து வருசம் அந்தப் பெட்டியோடு பேசாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் ஆத்திரத்தில் உள்ளே இருந்ததை எல்லாம் துலுக்காணம் கூடையில் கொட்டினாள். அவன் கொடுத்த குடத்தையும் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த பேரட்டுத் தொப்பிதான் தெற்குச் சுவர்ப் பலகையில் மூன்றாவதாக இருந்தது.

முப்பத்து மூன்று வருசமாக அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். அந்த மனுசன் கடைசியில் என்னை நினைத்தாரா. வேறு ஒன்றும் வேண்டாம். தொப்பியோ வாசலைப் பார்த்தபடி இருந்தது. வாசல் வடக்கு, பனிமலையும் வடக்கு, சரியாகப் போயிற்று என்று சுபேதார் எழுதிக்கொண்டார்.

ஐப்பசியில் துலுக்காணம் வீட்டு ஓடு ஒழுகியது. தொப்பிகளை எல்லாம் சங்கக் கட்டிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று ஊரே கூடியது. பெண்கள் ஆளுக்கு ஒரு தொப்பியைக் கூடையில் வைத்து, சாமி புறப்பாடு மாதிரி தெருவில் நடந்தார்கள். நவநீதம் கோதண்டத்தின் தொப்பியைத் தொடமாட்டேன் என்று பாஸ்ராத் தொப்பியை எடுத்துக்கொண்டாள். கோதண்டத்தின் தொப்பியைத் துலுக்காணம் சைக்கிள் கூடைமேல் வைத்து, கடைசியாகத் தள்ளிக்கொண்டு வந்தான்.

குளத்தங்கரையைத் தாண்டும்போது நவநீதத்தின் கூடையில் தொப்பி மெதுவாகத் திரும்பியது. அவள் நின்றாள், அதுவும் நின்றது. பத்தடி நடந்தாள், இன்னும் கொஞ்சம் திரும்பியது. குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு நேராகச் சுபேதாரிடம் போனாள்.

"மாமா, இது பாஸ்ராவைப் பாக்கலை. குளத்துல அந்த உடைஞ்ச படியைப் பாக்குது."

"திசைமானியைவிட உனக்குத் தெரியுமா?"

"நீங்க ஒரே எடத்துல நின்னு பாத்தீங்க. நான் நடந்துகிட்டே பாத்தேன்."

சுபேதாருக்கு முகம் தொங்கிவிட்டது. இரண்டு இடத்திலிருந்து பார்த்துக் கோடு போட்டால்தான் இடம் தெரியும் என்பது அவர் சிப்பாயாகச் சேர்ந்த முதல் மாசம் படித்தது. பெருமை கண்ணை மறைத்ததில் உலகப் படத்தை எடுத்தார்களே தவிர, ஊர்ப் படத்தை எடுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மறுபடி அளந்தார்கள். ஒரு தொப்பிகூடச் சண்டை நடந்த இடத்தைப் பார்க்கவில்லை. பர்மாவுக்குப் போனவன் தொப்பி முறுக்குச் சுடுகிறவள் உட்கார்ந்திருந்த பூவரச மரத்தடியைப் பார்த்தது; மரமும் இல்லை, அவளும் இல்லை, இடம் இருந்தது. இன்னொன்று மாட்டுக்கொட்டாயைப் பார்த்தது. சிங்கப்பூர்த் தொப்பி ஏரியில் எருமை குளிப்பாட்டுகிற மூலையைப் பார்த்தது. அத்தனை தூரம் போய், கடைசி மூச்சு வரைக்கும் அந்தத் தலைகளுக்குள் ஓடினது இவ்வளவுதான்.

ஊர் அதையும் பழகிக்கொண்டது. உடைந்த படியைக் கட்டக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். வீடு கட்டுகிறவன் தொப்பிக்கு மறைக்காமல் சுவர் எழுப்பினான். டவுன் பஸ் டிரைவரிடம் போய், தம்பி, ரெண்டடி முன்னால நிறுத்து, ஒருத்தர் பாத்துக்கினு இருக்காரு என்று சொன்னால், அவரும் ஏன் என்று கேட்காமல் எடுத்து நிறுத்துவார். ஒரு ஹவில்தார் தொப்பி, பொண்டாட்டி இருந்த வீட்டை விட்டுவிட்டு எதிர்த் தெருவில் ஒரு வீட்டு ஜன்னலைப் பார்த்தது; அந்த இரண்டு குடும்பமும் மூன்று மாசம் பேசிக்கொள்ளவில்லை, பிறகு பேரப்பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்துக்கொண்டார்கள்.

கோதண்டத்தின் தொப்பிக்கு மட்டும் இடம் அமையவில்லை. ஓடு மாற்றி, தொப்பிகள் எல்லாம் பழைய பலகைக்குத் திரும்பி வந்த பிறகும், ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் பார்க்கும்போது அது வாசலைத்தான் பார்த்தது. சுபேதார் நோட்டில் பனிமலை என்று இருந்ததை அடித்துவிட்டு, 'வாசல்' என்று எழுதினார். நிலைவாசலில் உட்கார்ந்திருந்த நவநீதம் துலுக்காணத்தைக் கேட்டாள், மத்த நாள்ல எந்தப் பக்கம் பாக்குது என்று. "எந்நாளும் வாசல்தாம்மா" என்றான். அவள் தலையை ஆட்டினாள். அன்னைக்கும் வாசலைத்தான பாத்துக்கிட்டு நின்னாரு, போறதுலதான் குறி என்று மில்லில் என்னிடம் சொல்லிவிட்டு, அன்றைக்கு இரண்டு மூட்டை மாவைத் தலை நிமிராமல் சலித்தாள்.

இங்கேதான் துலுக்காணம் தப்புப் பண்ணினான். ஐப்பசியில் அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைசியாக வந்தான் என்று சொன்னேன் இல்லையா, அவனுக்கு முன்னால் நவநீதம் நடந்தாள். அவள் குளத்தைச் சுற்றினபோது அவன் கூடைமேல் இருந்த தொப்பியும் அவளோடு சுற்றியது. அவள் திரும்பினால் திரும்பியது, நின்றால் நின்றது. அவன் பார்த்துவிட்டான். மற்றத் தொப்பிகள் நினைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவை இடத்தைப் பார்த்தன. இது நினைத்துக்கொண்டிருந்தவள் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தாள். வாரத்தில் ஆறு நாளும் அவள் கிழக்கே வீட்டிலிருந்து மேற்கே மில்லுக்குப் போகும்போது அது கூடவே திரும்புவதையும், சாயங்காலம் கூடவே திரும்பி வருவதையும் அவன் தினம் பார்த்தான். பெரியவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமையில் அவள்தான் வாசலில் உட்கார்ந்திருப்பாளே.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள், ஞாயிற்றுக்கிழமை வாசலில் அவள் உட்கார்ந்திருக்கிற அந்த ஒரு மணி நேரம் போய்விடும். அரை அங்குலம் குறைச்சலான நெஞ்சுக்குள் அதைத் தவிர வேறு ஒன்றும் இருந்ததில்லை, பள்ளிக்கூடத்தில் இரண்டாங்கிளாஸ் படித்த நாளிலிருந்து.

தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுபேதாருக்கு முழங்கால் வலி. காற்றுக்காக நாற்காலியை வாசலிலேயே போட்டு உட்கார்ந்துவிட்டார். நவநீதம் உள்ளே போய் அடுப்படி ஓரம் உட்கார வேண்டியதாயிற்று. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தபோது, துலுக்காணம் ஓடிவந்து கோதண்டத்தின் தொப்பியைக் கையில் எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தான். பெரியவர்கள் போகிற வரைக்கும் தட்டிக்கொண்டே இருந்தான். பெரியவர்கள் இருக்கும்போது அவன் தூசி தட்டி ஒரு நாளும் பார்த்ததில்லை என்பதை அவள் மனதில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒரு தாம்பாளமும் ஒரு படி அரிசி மாவும் கொண்டுவந்தாள். பலகையில எலிப் புழுக்கை கிடக்குது, மாவு பரப்பி வெச்சா எந்தப் பக்கமா வருதுன்னு கால்தடம் தெரியும் என்று சொல்லி, மாவைச் சமமாகப் பரப்பி நடுவில் கோதண்டத்தின் தொப்பியை அவன் கையாலேயே வைக்கச் சொன்னாள். எலிக்கு எல்லா வீட்டிலும் செய்கிறதுதான், அவனும் சரி என்றான். மறுநாள் திங்கட்கிழமை, அவன் தூரத்து ஊர்களுக்குப் போகிற நாள். அன்றைக்கு மில்லில் பாதி வேலையில் எழுந்து மூன்று தடவை டீக்கடை வரைக்கும் போய்ப் போய் வந்தாள். டீ குடிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, என்னம்மா உனக்கு இன்னைக்கு, கால்ல சக்கரமா என்றேன். சிரித்தாள், வருசக் கணக்காகப் பார்க்காத சிரிப்பு.

சாயங்காலம் அவன் வருவதற்கு முன்னால், நிலைக்கு மேலே இருந்த சாவியை எடுத்துத் திறந்து போய்ப் பார்த்தாள். தொப்பியின் முகம் தெருப்பக்கம் திரும்பத் திரும்ப, பின்னால் தொங்கின நாடா மாவில் கோடு போட்டிருந்தது. வீட்டிலிருந்து மில் வரைக்கும் ஒரு அரைவட்டம். மில் முனையில், சல்லடைக்கும் தராசுக்கும் அவள் நடந்த நடை மீன் பல் மாதிரி பொடிப்பொடியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் மூன்று சின்னக் கோடு, டீக்கடைக்குப் போய் வந்தது. அவளுடைய ஒரு நாள் முழுக்க அந்தத் தாம்பாளத்தில் கிடந்தது.

எவ்வளவு நேரம் அழுதாள் என்று தெரியாது. பிறகு தொப்பியைத் தொடாமல் சுற்றி மாவைத் தடவிச் சமமாக்கிவிட்டு, வீட்டைப் பூட்டிச் சாவியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தாள். அவனிடம் சண்டைக்குப் போகவில்லை. தெரிந்துகொண்டே ஏன் மறைத்தான் என்று மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டும். கேட்டால் அவன் சொல்லமாட்டான், வெட்கப்பட்டுச் சைக்கிளைத் துடைப்பான்.

சித்திரை வெயில் தொடங்கினபோது, அவன் கூடையில் வந்த பழைய பச்சை உடுப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி, வெட்டி, ஒரு தொப்பி தைத்துக் கொடுத்தாள். வெயில்ல மண்டை காஞ்சு போவுது, போட்டுக்கோ என்றாள். அதற்குப் பின்னாலும் இரண்டு நாடா வைத்துத் தைத்திருந்தாள். இறுக்கிக் கட்டத்தான் என்று அவன் நினைத்தான். புதுத் தொப்பி, யாருடைய நினைப்பும் அதில் ஓடவில்லை, போட்டுக்கொண்டான். "சிவிலுக்கு ஆபீசர் கமிஷன் கெடச்சிடுச்சு போல" என்று டீக்கடையில் கிண்டல் பண்ணினார்கள். சித்திரை, வைகாசி, ஆனி என்று வேர்வையில் ஊறி ஊறி அது வெளுத்தது. ஆடி பிறந்ததும், நாறுது, கழட்டிக் கொடு, துவைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டாள்.

அடுத்து வந்த திங்கட்கிழமை அவன் திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது. உள்ளே நவநீதம் உட்கார்ந்திருந்தாள். பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தாம்பாளம், இரண்டு தொப்பி, இரண்டும் அவளைப் பார்த்தபடி. இரண்டு மாவிலும் ஒரே அரைவட்டம், மில் முனையில் ஒரே மீன் பல். இனி நடந்தது அவள் வாயாலும் பிறகு அவன் வாயாலும் நான் கேட்டது.

"எந்நாளும் வாசல்தான்னு சொன்னியே, துலுக்காணம்."

அவன் சைக்கிள் ஸ்டாண்டைக்கூடப் போடவில்லை, பிடித்துக்கொண்டே நின்றான்.

"சொன்னா நீ வரமாட்டே" என்றான்.

"முப்பத்து மூணு வருசமா ஒரு மனுசன் என்னைத் திரும்பிப் பாக்கலைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவரு என்னைத் தவிர எதையும் பாக்கலை. அதை நீ பாத்தே, ஐப்பசியிலேருந்து."

எழுந்து, கோதண்டத்தின் தொப்பியை இரண்டு கையாலும் எடுத்தாள். தொட்டது அன்றைக்குத்தான் இரண்டாவது தடவை, முதல் தடவை அதைக் கூடையில் கொட்டின அன்றைக்கு. மடியில் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். மற்ற தாம்பாளமும் அதன்மேல் இருந்த தொப்பியும் அங்கேயே இருந்தன. அவள் வீடு போய்ச் சேருகிற வரைக்கும் அந்தத் தொப்பி திரும்பிக்கொண்டிருந்ததை அவன் பார்த்தான், போய்ச் சேர்ந்ததும் நின்றுவிட்டதையும் பார்த்தான்.

மறுநாள் அவன் வியாபாரத்துக்குப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தான். எட்டு மணிக்குத் தொப்பி அசைந்தது. வழக்கம்போல வந்தது, வாசலுக்கு நேராக வந்தது, மில் பக்கம் போனது. அங்கே நிற்கவில்லை. அதுவரைக்கும் அவள் ஒரு நாளும் போகாத பக்கம், மில்லையும் தாண்டி, தென்மேற்கே, தெற்கே என்று திரும்பிக்கொண்டே போனது. அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். அவன் வீட்டுக்குப் பின்னால் தெருவே கிடையாது, ஏரிதான்.

மில்லின் பின் ஜன்னலிலிருந்து நான் பார்த்தேன். புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, துலுக்காணம் வீட்டுக்குப் பின்னால் ஏரிச் சேற்றில் நவநீதம் நடந்து போனாள், எருமைகள் ஒதுங்கி வழிவிட்டன. அந்த வீட்டைச் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கமாகக் கரை ஏறி, மறுபடி தெருவுக்கு வந்தாள். தாம்பாளத்தில், அவள் காலையில் வாசலைக் கடந்த இடத்திலிருந்து நாடா போட்ட கோடு முழு வட்டமாகச் சேருவதற்கு ஒரு விரல் இடைவெளிதான் பாக்கி. அது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, சாத்தின கதவுக்கு நேராக வர ஓரடி இருக்கும்போது நின்றாள், செருப்பைக் கீழே போட்டாள், சேற்றுக் காலோடு பாக்கி இருந்த அந்த ஓரடியையும் எடுத்து வைத்தாள்.